கப் முடிஞ்சா சீசன் முடிஞ்சிடுமா? ஆஸ்திரேலிய ஃபுட்டியின் அக்டோபர் 'டிரேட்' பரபரப்பு - முழு விளக்கம்

2025 அக்டோபர் 15, புதன்கிழமை. ஆஸ்திரேலியாவில் ஃபுட்டி சீசன் முடிந்து இரண்டரை வாரம் ஆகியிருந்தது. பிரிஸ்பேன் லயன்ஸ் அணி ஜீலாங்கை வீழ்த்தி கோப்பையைத் தூக்கிவிட்டது. அடுத்த சீசன் மார்ச் மாதம்தான். ஆனாலும் அன்று மாலை 7.30 மணி வரை மெல்போர்ன் ரசிகர்கள் பரபரப்பாகவே இருந்தார்கள்.

காரணம் ஸாக் மெரெட். அப்போது எசெண்டன் அணியின் கேப்டனாக இருந்த இவர், ஹாவ்தார்ன் அணிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டுமே மெல்போர்ன் கிளப்கள். 1983, 1984, 1985 என தொடர்ந்து மூன்று இறுதிப்போட்டிகளில் மோதிக்கொண்ட பரம வைரிகள். ஒரு கேப்டனே எதிரி முகாமுக்குப் போக ஆசைப்பட்டால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

கடைசியில் கெடு முடிந்தது, டீல் நடக்கவில்லை. 2027 வரை ஒப்பந்தம் இருப்பதால், எந்த கிளப்பை விட்டுப் போக நினைத்தாரோ அதே கிளப்பிலேயே மெரெட் இருக்க வேண்டியதாகிவிட்டது.

அதே நாட்களில் வேறு பல பெரிய பெயர்கள் இடம் மாறின. மெல்போர்ன் அணியின் கிறிஸ்டியன் பெட்ராக்கா கோல்டு கோஸ்ட்டுக்குப் போனார். அவருடைய சக வீரர் கிளேட்டன் ஆலிவர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போனார். கார்ல்டனின் சார்லி கர்னோ சிட்னிக்குப் போனார்.

ஒரு மேட்ச்கூட நடக்காத மாதத்தில் எதற்கு இவ்வளவு பரபரப்பு? யார் எங்கே போவார் என்று ரசிகர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்? அந்தக் கணக்கு ஏன் அடிக்கடி தப்பாகிறது? இந்த வதந்திகளால் உண்மையில் பாதிக்கப்படுவது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

ஆஸ்திரேலியர்கள் 'ஃபுட்டி' என்று செல்லமாகக் கூப்பிடும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், நாம் பார்க்கும் கால்பந்து கிடையாது. மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். களத்தில் ஒரு அணிக்கு 18 பேர். கையால் குத்தியும் பாஸ் பண்ணலாம், காலால் உதைத்தும் பாஸ் பண்ணலாம். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் இருக்கும். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி.

இதன் உச்ச லீக்தான் ஏ.எஃப்.எல். 1897-ல் விக்டோரியா மாநில லீக்காக 8 கிளப்களுடன் முதல் சீசன் ஆடப்பட்டது. 1990-ல்தான் இன்றைய பெயர் வந்தது. இப்போது 18 கிளப்கள். அதில் 10 கிளப்கள் விக்டோரியா மாநிலத்திலேயே இருக்கின்றன. மற்ற 8 கிளப்களும் அடிலெய்டு, பெர்த், சிட்னி, குயின்ஸ்லாந்து என்று பகுதிக்கு இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. இந்த ஊர்க்கணக்கு டிரேட் விஷயத்தில் ரொம்ப முக்கியம். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மார்ச்சில் தொடங்கும் சீசன், வழக்கமாக செப்டம்பர் கடைசி சனிக்கிழமை முடியும். மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்டில் சுமார் 1 லட்சம் பேர் முன்னிலையில் இறுதிப்போட்டி நடக்கும்.

கோப்பைக்குப் பிறகு என்ன நடக்கும்?

இறுதிப்போட்டி முடிந்த கையோடு மூன்று கட்டங்கள் வரிசையாக வரும்.

முதலில் ஃப்ரீ ஏஜென்சி. ஒரே கிளப்பில் நீண்ட காலம் ஆடி, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு கிளப்புக்கு மாறும் நேரம் இது.

அடுத்து டிரேட் காலம். அக்டோபரில் சுமார் 10 நாட்கள். கிளப்கள் தங்களுக்குள் வீரர்களையும், டிராஃப்ட் வாய்ப்புகளையும் மாற்றிக்கொள்ளும்.

கடைசியாக, நவம்பரில் தேசிய டிராஃப்ட். பள்ளி முடிக்கும் வயதில் இருக்கும் இளம் வீரர்களை கிளப்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு.

ஐ.பி.எல் போல மேடை போட்டு ஏலம் விடும் பழக்கம் இங்கே கிடையாது. ஐரோப்பிய கால்பந்து போல கோடிகளைக் கொட்டி இன்னொரு கிளப்பிடமிருந்து வீரரை வாங்கவும் முடியாது. எல்லா கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. பணக்கார கிளப் எல்லா நட்சத்திரங்களையும் சுருட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1980-களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. 1986-ல் டிராஃப்டும் வந்தது.

ஒரு டிரேட் நடக்க மூணு பேர் தலையாட்டணும்

இங்கேதான் ஊகத்துக்கான கதவு திறக்கிறது.

அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்தில், வீரரைக் கேட்காமலேயே கிளப் அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் டல்லஸ் அணியிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டது உலகத்தையே அதிரவைத்தது. ஏ.எஃப்.எல்லில் அது முடியாது. வீரர் சம்மதிக்காமல் அவரை டிரேட் பண்ண முடியாது.

ஆக, வீரர் 'சரி' சொல்லணும். அவர் இருக்கும் கிளப் 'சரி' சொல்லணும். அவர் போகும் கிளப் 'சரி' சொல்லணும். மூன்றில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் டீல் காலி.

மெரெட் விஷயத்தில் நடந்தது இதுதான். வீரர் தயார். ஹாவ்தார்னும் தயார். தாங்கள் எதிர்பார்த்த விலை கிடைக்காததால் எசெண்டன் கதவைச் சாத்திவிட்டது. ஒப்பந்தம் கையில் இருக்கும்போது கிளப்புக்கு இறங்கிவர வேண்டிய அவசியமில்லை.

வீரரின் ஒப்பந்தம் முடிந்திருந்தால் கதை வேறு. கிளப் முரண்டு பிடித்தால், வீரர் டிராஃப்டுக்குள் போய்விடலாம். பழைய கிளப்புக்கு ஒன்றுமே கிடைக்காது. 2009-ல் செயின்ட் கில்டா அணியின் லூக் பால் காலிங்வுட்டுக்குப் போகக் கேட்டார். டிரேட் படியவில்லை. அவர் டிராஃப்டில் பெயர் கொடுத்தார். காலிங்வுட் அவரை 30-வது பிக்கில் எடுத்தது. அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் காலிங்வுட் வென்றது. தோற்றது யார் தெரியுமா? அதே செயின்ட் கில்டா.

அதனால்தான் ஒரு வீரரின் பெயர் அடிபட்டதும் விவரமான ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி: "ஒப்பந்தம் எந்த வருஷம் முடியுது?"

காசு கிடையாது, 'பிக்'தான் நாணயம்

வீரருக்கு பதில் ரொக்கம் கொடுத்து வாங்க முடியாது என்றால் விலையாக எதைக் கொடுப்பது? இன்னொரு வீரரைக் கொடுக்கலாம். அல்லது டிராஃப்ட் பிக், அதாவது இளம் வீரரைத் தேர்வு செய்யும் வரிசை எண்ணைக் கொடுக்கலாம்.

2015-ல் ஏ.எஃப்.எல் ஒரு மதிப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் 1-ம் பிக்குக்கு 3000 புள்ளி. 2-ம் பிக்குக்கு 2517 புள்ளி. இப்படியே கீழே இறங்கும். அடுத்த ஆண்டின் பிக்கை இந்த ஆண்டே டிரேட் பண்ணும் வசதியும் அதே 2015-ல்தான் வந்தது.

அடுத்த ஆண்டு பிக் என்பது என்ன? அந்த கிளப் அடுத்த சீசனில் எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்பதைப் பொறுத்த ஒன்று. இன்று யாருக்கும் தெரியாத விஷயம். கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சீட்டு வாங்குவது மாதிரி.

இதற்கு மேல் 'அப்பா-மகன்' விதி வேறு. ஒரு கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடியவரின் மகனை அந்த கிளப்பே எடுத்துக்கொள்ள முன்னுரிமை உண்டு. காலிங்வுட் ஜாம்பவான் பீட்டர் டெய்கோஸின் மகன் நிக் டெய்கோஸ் 2021-ல் இப்படித்தான் அதே கிளப்புக்கு வந்தார். பிரிஸ்பேனின் மார்கஸ் ஆஷ்கிராஃப்ட்டின் மகன்கள் வில், லெவி இருவரும் அப்பாவின் கிளப்புக்கே வந்தார்கள். 2024, 2025 இரண்டு இறுதிப்போட்டிகளிலும் ஆட்ட நாயகன் விருதை வாங்கியவர் அண்ணன் வில்.

இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேறு கிளப் அந்தப் பையனுக்குக் கை தூக்கினால், அப்பாவின் கிளப் அந்த பிக்குக்கு ஈடான புள்ளிகளைக் கொடுத்துத்தான் அவரை எடுக்க முடியும். அதற்குச் சலுகையும் உண்டு. அதனால் சில கிளப்கள் ஒரு நல்ல பிக்கைக் கொடுத்துவிட்டு நான்கைந்து சின்ன பிக்குகளை வாங்கிப் புள்ளிகளைச் சேர்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முட்டாள்தனமாகத் தெரியும் டிரேட், உண்மையில் நவம்பர் டிராஃப்டுக்கான சேமிப்பாக இருக்கும். பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடும் ரசிகர்கள் ஏராளம்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் முழு சுதந்திரமா?

2012-ல் அமலுக்கு வந்த ஏற்பாடு இது. இதில் இரண்டு வகை.

* ஒரே கிளப்பில் 8 ஆண்டு முடித்து, அந்த கிளப்பில் அதிகம் சம்பளம் வாங்கும் 25 சதவீதத்துக்குள் இருப்பவர் 'கட்டுப்பாடுள்ள' ஃப்ரீ ஏஜென்ட். புது கிளப் தரும் அதே சம்பளத்தைத் தர பழைய கிளப் முன்வந்தால், அவரால் நேரடியாகப் போக முடியாது. டிரேட் பேசித்தான் போக வேண்டும்.
* 8 ஆண்டு முடித்து அந்த 25 சதவீதத்துக்குள் வராதவர்களும், 10 ஆண்டு முடித்தவர்களும் 'கட்டுப்பாடற்ற' ஃப்ரீ ஏஜென்ட். போய்க்கொண்டே இருக்கலாம்.

வீரரை இழந்த கிளப்புக்கு லீக்கே ஈடாக ஒரு டிராஃப்ட் பிக் கொடுக்கும். புது கிளப் அவருக்குக் கொடுக்கும் சம்பளம், வீரரின் வயது ஆகியவற்றைப் பொறுத்து அது எந்த பிக் என்பது முடிவாகும்.

2020-ல் ஜெரமி கேமரன் ஜீலாங்குக்குப் போக விரும்பியபோது, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அதே சம்பளத்தைத் தரத் தயார் என்று சொல்லி வழியை மறித்தது. ஜீலாங் 13, 15, 20 என மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்துத்தான் அவரை அழைத்துப்போக முடிந்தது. 2022-ல் ஜீலாங் கோப்பை வென்றபோது கேமரன் அந்த அணியில் இருந்தார்.

ரசிகர்கள் எதை வைத்து ஊகிக்கிறார்கள்?

கிளப் அறிவிப்பு வரும்வரை உறுதியான தகவல் எதுவும் இருக்காது. ஆனால் துப்பு கிடைக்கும்.

*சொந்த ஊர்:* டிராஃப்டில் எடுக்கப்படும் 18 வயதுப் பையனுக்கு எந்த ஊர் என்பதில் தேர்வு கிடையாது. பெர்த் பையன் மெல்போர்னுக்கு வரலாம். இரண்டுக்கும் இடையே வான்வழியே சுமார் 2,700 கிலோமீட்டர். அவன் வீடு திரும்ப ஏங்குவது இயல்பு. டிம் கெல்லி நல்ல உதாரணம். ஜீலாங்கில் ஒரே ஒரு சீசன் ஆடிய பிறகு, 2018-ல் குடும்பக் காரணத்துக்காக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பக் கேட்டார். டீல் படியவில்லை. கோபித்துக்கொண்டு ஆட்டத்தைக் குறைக்காமல், 2019-ல் ஆண்டின் சிறந்த அணியான ஆல்-ஆஸ்திரேலியனில் இடம்பிடிக்கும் அளவுக்கு ஆடினார். அந்த ஆண்டு இறுதியில் வெஸ்ட் கோஸ்ட்டுக்குப் போனார். "ஒருமுறை கேட்டவர் மறுபடி கேட்பார்" என்பது ரசிகர்களின் அனுபவப் பாடம்.

*அணியில் உள்ள ஓட்டை:* எந்த அணிக்கு உயரமான ஃபார்வர்டு இல்லை, எந்த அணியின் ரக்மேன் ஓய்வுபெறப் போகிறார் என்று பார்த்தால், அந்த கிளப் யாரைத் தேடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

*சம்பள இடம்:* பெரிய ஒப்பந்தத்தில் இருந்த மூத்த வீரர் ஓய்வுபெற்றால், அந்தத் தொகை புது வீரருக்குக் கிடைக்கும்.

*மௌனம்:* ஒப்பந்தம் முடியும் ஆண்டில் ஒரு நட்சத்திரம் "சீசன் முடியட்டும், பேசலாம்" என்று தள்ளிப்போட்டால், போய்விடுவார் என்றே ரசிகர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதில் சம்பளக் கணக்குதான் பெரும் இருட்டு. எந்த வீரருக்கு எவ்வளவு என்று ஏ.எஃப்.எல் பெயர் போட்டு வெளியிடுவதில்லை. இந்தச் சம்பள அடுக்கில் இத்தனை பேர் என்று மொத்தமாக மட்டும்தான் சொல்லும். செய்திகளில் வரும் தொகை எல்லாம் யாரோ காதில் ஓதியது. அந்த இருட்டை நிரப்பத்தான் ஊகம் வருகிறது. டிரேட் நாட்களில் காலை முதல் மாலை வரை இதைப் பற்றி மட்டுமே பேசும் 'டிரேட் ரேடியோ' என்ற நிகழ்ச்சியே இருக்கிறது.

அப்புறம் ஏன் கணக்கு தப்பாகிறது?

துப்பு கொடுப்பவர்களுக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருக்கும். அதுதான் காரணம்.

வீரரின் மேனேஜருக்குத் தன் ஆளுக்கு மூன்று கிளப் போட்டி போடுகிறது என்று செய்தி வந்தால் லாபம். சம்பளம் ஏறும். பழைய கிளப்புக்கு "நாங்கள் விடவே மாட்டோம்" என்று வெளியே தெரிந்தால் லாபம். விலை ஏறும். புது கிளப்புக்கு "எங்களுக்கு அவ்வளவு ஆர்வமில்லை" என்று தெரிந்தால் லாபம். விலை இறங்கும். மூன்று செய்தியும் ஒரே நாளில் வெளிவரலாம். மூன்றுமே பேரம்தான்.

யாருமே துப்பு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013 சாட்சி. ஹாவ்தார்னின் லான்ஸ் 'படி' ஃபிராங்க்ளின் அப்போது லீக்கின் மிகப்பெரிய நட்சத்திரம். அந்த சீசன் முழுக்க அவர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போகிறார் என்றே எல்லோரும் எழுதினார்கள், பேசினார்கள். செப்டம்பரில் ஹாவ்தார்ன் கோப்பை வென்றது. சில நாட்களில் அவர் தேர்ந்தெடுத்தது அதே ஊரின் இன்னொரு அணியான சிட்னி ஸ்வான்ஸை. 9 ஆண்டு, சுமார் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று சொல்லப்பட்ட ஒப்பந்தம். ஊர் சரி, அணி தப்பு!

ஜோ டேனிஹர் கதையில் ஊகம் ஒரு வருடம் தள்ளிப் பலித்தது. 2019-ல் எசெண்டனிலிருந்து சிட்னிக்குப் போகக் கேட்டார். எசெண்டன் மறுத்தது. அடுத்த ஆண்டு அவர் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். போனது சிட்னிக்கு இல்லை, பிரிஸ்பேனுக்கு. எசெண்டனுக்கு லீக் கொடுத்த ஈடு 7-வது பிக். 2024-ல் பிரிஸ்பேனுடன் கோப்பை வென்றுவிட்டு, அதோடு ஓய்வும் அறிவித்தார்.

பெட்ராக்கா கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2024-ல் அவர் மெல்போர்னை விட்டுப் போவார் என்ற பேச்சு வாரக்கணக்கில் ஓடியது. 2029 வரை ஒப்பந்தம் இருந்ததால் தங்கினார். "வெறும் வதந்தி" என்று பலர் முடித்துவிட்டார்கள். அடுத்த அக்டோபரில் கிளம்பிவிட்டார்.

வதந்திக்கு விலை கொடுப்பது யார்?

ரசிகருக்கு இது பொழுதுபோக்கு. ஆனால் பட்டியலில் இருக்கும் பெயருக்குப் பின்னால் வீடும் குடும்பமும் இருக்கிறது.

*டாம் பாய்ட்:* 2013 டிராஃப்டில் முதல் பிக். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியில் ஒரே சீசன் ஆடினார். 2014-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கேப்டன் ரயன் கிரிஃபன் அந்த அணிக்குப் போக விரும்பியபோது, புல்டாக்ஸ் பாய்ட்டைக் கேட்டு வாங்கியது. அப்போது பாய்ட்டுக்கு 19 வயது. 7 ஆண்டு, சுமார் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று செய்திகள் வந்தன. அன்றிலிருந்து அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் அந்தத் தொகையோடு சேர்த்தே பேசப்பட்டது. 2016 இறுதிப்போட்டியில் 3 கோல் அடித்தார். 1954-க்குப் பிறகு புல்டாக்ஸ் வென்ற முதல் கோப்பை அது. ஆனாலும் அடுத்த ஆண்டே மனநலக் காரணத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகி ஓய்வெடுத்தார். 2019 மே மாதம், 23 வயதில், ஒப்பந்தத்தில் மீதமிருந்த காலத்தையும் பணத்தையும் விட்டுவிட்டு ஓய்வு பெற்றார். பிறகு மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார்.

*ஆடம் ட்ரெலோர்:* வீரரின் சம்மதம் வேண்டும் என்ற விதியில் உள்ள ஓட்டையைக் காட்டியது இவர் கதை. காலிங்வுட்டில் 2025 வரை ஒப்பந்தம் இருந்தது. போக விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் கிளப்புக்கு சம்பள உச்சவரம்பு நெருக்கடி. 2020-ல் கெடு முடியும் கடைசி நேரத்தில் அவர் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு மாற்றப்பட்டார். அவர் சம்பளத்தின் ஒரு பகுதியை காலிங்வுட்டே தொடர்ந்து கட்ட ஒப்புக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் அவரும் கையெழுத்துப் போட்டார். "நீ எங்களுக்கு வேண்டாம்" என்று கிளப் சொன்ன பிறகு அந்தச் சம்மதத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்று பலர் கேட்டார்கள். 2024-ல் அவர் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார்.

*ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ்:* 2021 டிராஃப்டின் முதல் பிக். நார்த் மெல்போர்னில் ஒரு சீசன் ஆடிவிட்டு, சொந்த மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு, போர்ட் அடிலெய்டு அணிக்குப் போகக் கேட்டார். அப்போது அவருக்கு 19 வயது. அதன் பிறகு எதிரணி ரசிகர்களின் கூச்சலை அவர் மைதானத்துக்கு மைதானம் கேட்க வேண்டியிருந்தது.

18 வயதில் தேர்வே இல்லாமல் ஒரு ஊருக்கு அனுப்பப்பட்ட பையன், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் 'துரோகி'. அதே பையனை கிளப் தள்ளிவிட்டால் 'பிசினஸ்'. இந்த இரட்டை அளவுகோலைத்தான் வீரர்கள் தரப்பு தொடர்ந்து சுட்டிக்காட்டுகிறது.

டீலில் ஜெயித்தது யார்? எப்போது தெரியும்?

டிரேட் முடிந்த மறுநாளே கிளப்களுக்கு மதிப்பெண் போட்டுக் கட்டுரைகள் வந்துவிடும். ஆனால் உண்மையான விடை வர ஆண்டுகள் ஆகும்.

ஹார்ன்-ஃபிரான்சிஸ் டிரேடையே எடுத்துக்கொள்வோம். அது நான்கு கிளப்கள் சேர்ந்து செய்த டீல். நார்த் மெல்போர்ன், போர்ட் அடிலெய்டு, வெஸ்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. நார்த் தன் கையிலிருந்த 2022-ன் முதல் பிக்கையும் விட்டுக்கொடுத்து 2, 3-ம் பிக்குகளை வாங்கியது. "முதல் பிக் வீரரையும் இழந்து, முதல் பிக்கையும் இழந்துவிட்டார்களே" என்ற புலம்பல் அப்போது கேட்டது. பிரிஸ்பேன் அப்பா-மகன் விதியில் வில் ஆஷ்கிராஃப்ட்டை எடுத்ததால் நார்த்தின் பிக்குகள் ஓரிடம் தள்ளிப்போய் 3, 4 ஆகின. அதில் எடுத்தவர்களில் ஒருவர் ஹாரி ஷீசல். முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதையும், கிளப்பின் சிறந்த வீரர் விருதையும் சேர்த்து வாங்கினார்.

ஃபிராங்க்ளின் விஷயம் இன்னும் சிக்கல். 26 வயது வீரருக்கு 9 ஆண்டு ஒப்பந்தமா என்று அன்று பலர் சிரித்தார்கள். அவர் கடைசி ஆண்டுவரை தாக்குப்பிடித்து 2023-ல் ஓய்வு பெற்றார். 2022 மார்ச் 25 அன்று சிட்னி கிரிக்கெட் கிரவுண்டில் தன் 1000-வது கோலை அடித்தபோது ஆயிரக்கணக்கான ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி ஓடினார்கள். அந்த மைல்கல்லைத் தொட்ட 6-வது வீரர் அவர். ஆனால் அவர் இருந்த காலத்தில் சிட்னி 2014, 2016, 2022 என மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றது. ஒரு கோப்பைகூட இல்லை. லாபமா நஷ்டமா என்று சிட்னி ரசிகர்களிடம் கேட்டால் இன்றும் இரண்டு பதில் வரும்.

ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

இந்த கிளப்களில் பணம் கட்டி உறுப்பினராக இருப்பவர்கள் மொத்த எண்ணிக்கை 2023-லேயே 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கிளப்கள் உறுப்பினர்களால் ஆனவை. ஒரு தனி முதலாளியின் சொத்து கிடையாது. "நம்ம கிளப்" என்று அவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்று, கோப்பை ஒரு அணிக்குத்தான். மற்ற 17 அணி ரசிகர்களுக்கும் மிஞ்சுவது அக்டோபர் நம்பிக்கைதான். கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் பிக் கிடைக்கிறது. சம்பள உச்சவரம்பு எல்லோருக்கும் சமம். "அந்த ஒரு ஃபார்வர்டு வந்தா போதும், அடுத்த வருஷம் நாமதான்" என்று எந்த அணி ரசிகரும் நியாயமாகவே சொல்லலாம். போட்டியைச் சமப்படுத்த லீக் போட்ட விதிகளே, ஊகிப்பதற்கான காரணத்தையும் எல்லா ரசிகர்களுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டன.

ஒரு வதந்தியை எப்படி எடைபோடுவது?

அடுத்த அக்டோபரில் ஒரு பெயர் அடிபட்டால், இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஒப்பந்தம் எப்போது முடிகிறது? இந்த ஆண்டு என்றால் பிடி வீரர் கையில். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருந்தால் கிளப் கையில்.
2. போகப்போவதாகச் சொல்லும் கிளப்பிடம் கொடுக்க என்ன இருக்கிறது? நல்ல பிக்கோ வீரரோ இல்லையென்றால் ஆசை மட்டும் போதாது.
3. இந்தச் செய்தி வெளிவந்தால் யாருக்கு லாபம்? மேனேஜருக்கா, பழைய கிளப்புக்கா, புது கிளப்புக்கா?
4. வீரரே வாய் திறந்தாரா? 'டிரேட் வேண்டும்' என்று அவர் கேட்டுவிட்டதாக கிளப் உறுதிப்படுத்தும்வரை மற்றதெல்லாம் பேச்சுதான்.

அடுத்து என்ன?

2028-ல் டாஸ்மேனியா 19-வது அணியாக லீக்கில் சேர இருக்கிறது. புது அணிக்கு 40-க்கும் மேற்பட்ட வீரர்கள் வேண்டும். ஏற்கனவே உள்ள 18 கிளப்களிலிருந்தும் ஆட்களை இழுக்கப் பார்க்கும். அதனால் வரும் ஆண்டுகளில் ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் பெயரோடும் டாஸ்மேனியாவும் சேர்ந்தே பேசப்படும்.

வீரரின் சம்மதம் என்ற விதி மீதும் அழுத்தம் இருக்கிறது. நீண்ட ஒப்பந்தமும் பெரிய சம்பளமும் வாங்கும் நட்சத்திரங்களையாவது கேட்காமல் டிரேட் பண்ண அனுமதி வேண்டும் என்று கிளப் தரப்பில் குரல் எழுகிறது. வீரர்கள் சங்கம் அதை ஏற்கவில்லை. தேர்வே இல்லாமல் டிராஃப்டில் நுழையும் வீரருக்கு, பின்னால் கிடைக்கும் ஒரே உரிமை அதுதான் என்பது அவர்கள் வாதம்.

அந்த விதி மாறினால், ரசிகர்களின் ஊக விளையாட்டும் மொத்தமாக மாறிவிடும். இன்று "அவர் போக நினைக்கிறாரா?" என்று கேட்பவர்கள், அன்று "அவரை அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்பார்கள்.